வைகாசி முதல் வைகாசி வரை: சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கலைக்குழுவின் ஓராண்டு வேலை

இந்த அத்தியாயம் ஊர்க் கலைக்குழு வைத்திருப்பவர்களுக்கானது. பாட்டு, நாடகம், ஓவியம், புகைப்படம் என்று ஆளுக்கு ஒன்று தெரிந்த ஏழெட்டுப் பேர். பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் கல்லூரியில் படிக்கிறவர்கள். எல்லாரும் ஒன்றாக உட்கார ஞாயிற்றுக்கிழமைதான் வாய்க்கிறது. இப்படி ஒரு குழு தன் ஊரின் மரபை வைத்து அடுத்த ஓராண்டில் என்ன செய்யலாம், எதை முதலில் செய்யலாம், எங்கே சறுக்கும் என்பதைச் சின்ன காஞ்சிபுரத்தை வைத்துச் சொல்கிறேன். உங்கள் ஊர் வேறாக இருந்தால் கோயில் பெயரையும் தொழிலையும் மாற்றிக்கொள்ளுங்கள், செய்முறை மாறாது.

ஒரே ஒரு விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரபைக் கையிலும் குரலிலும் வைத்திருக்கிறவர்களின் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். அந்தக் கூலி உங்கள் வரவு செலவுக் கணக்கில் முதல் வரியாக இருக்கட்டும். பதாகைக்கும் சால்வைக்கும் பணம் ஒதுக்கிவிட்டு, நெசவாளரிடம் மூன்று மணி நேரம் இலவசமாகப் பேச்சு வாங்கிவரும் குழுக்கள் ஏராளம். அதே வீட்டுக்கு இரண்டாம் முறை போனால் கதவு திறக்காது. கூலி கொடுக்க வழியில்லை என்றால் அந்த வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.

எதை எடுப்பது?

கீழே நான்கு வேலைகள் இருக்கின்றன. இரண்டை மட்டும் எடுங்கள்: பதிவு வேலை ஒன்று, ஊர் பார்க்க நடத்தும் வேலை ஒன்று. நான்கையும் எடுத்த குழு ஒன்றைக்கூட முடிக்காது.

1. தறி வீட்டுப் பதிவு: பட்டு நெசவாளரின் வேலையையும் பேச்சையும் பதிவு செய்வது.
2. அத்திவரதர் நினைவுப் பதிவு: அத்திவரதர் கோயில் குளத்திலிருந்து எழுந்தருளிய 1979-ஐயும் 2019-ஐயும் கண்டவர்களின் நினைவுகளைச் சேர்ப்பது.
3. தெருநடை: ஊர்க்காரர்களையே அவர்கள் ஊருக்குள் அழைத்துச் செல்வது.
4. கூத்து அல்லது நாடக இரவு.

முதலில் நாட்காட்டி

தேதி குறிப்பதற்கு முன் ஊரின் நாட்காட்டியைச் சுவரில் மாட்டுங்கள்.

- வைகாசி: வரதராஜ பெருமாள் கோயில் பிரம்மோற்சவம். மூன்றாம் நாள் விடியற்காலையில் கருட சேவை. கோபுர வாசல் தரிசனத்துக்குச் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் வந்து சேரும். இந்தப் பத்து நாளில் உங்கள் நிகழ்ச்சி எதையும் வைக்காதீர்கள். தண்ணீர்ப் பந்தலில் உதவுங்கள். ஊர்ப் பெரியவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துவைக்க அதுவே நல்ல இடம்.
- ஆனி, ஆடி: தறி வீடுகளுக்குப் போய்ப் பேசிப் பழகலாம், பதிவும் செய்யலாம்.
- புரட்டாசி முதல் தீபாவளி வரை: தறியில் அவசர வேலை இருக்கும். தொந்தரவு செய்யாதீர்கள்.
- ஐப்பசி, கார்த்திகை: மழை. குழித்தறியில் நீர் ஊறும், ஈரத்தில் பாவு (தறியின் நெடுக்கு இழைகள்) தளரும், நெசவாளருக்கு வருமானம் நிற்கும். அந்த நேரத்தில் கேமராவோடு போய் நிற்பது முறையில்லை. பதிவுகளைக் கேட்டு எழுதுவது, பழைய படங்களை ஸ்கேன் செய்வது போன்ற உட்கார்ந்த வேலைகளுக்கு இந்த மாதங்களை வையுங்கள்.
- தை, மாசி: தெருநடைக்கு ஏற்ற காலம்.
- பங்குனியிலிருந்து ஆடி வரை: திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் காலம். நல்ல ஜமா (கூத்துக் குழு) வேண்டுமென்றால் கார்த்திகையிலேயே பேசி முடியுங்கள்.

வேலை 1: தறி வீட்டுப் பதிவு

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-இல். அந்தச் சேலையின் தனி அடையாளம் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாவில் (இழை ஓட்டும் ஓடத்தில்) நெய்து, ஒவ்வொரு ஊடைக்கும் (குறுக்கு இழைக்கும்) ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போவார்கள். இரு பக்கக் கரைக்கு இரண்டு நாடா, உடலுக்கு ஒன்று என்று மூன்று நாடா ஓடும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போட உதவியாள் ஒருவர் தறியில் கூடவே உட்கார்ந்திருப்பார். இந்த இருவரின் கையும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதை எழுத்தில் படித்து அறிய முடியாது. நீங்கள் பதிவு செய்யப்போவது அதைத்தான். பட்டின் வரலாறு நூலகத்தில் இருக்கிறது. அதை நெசவாளரிடம் கேட்டு அவர் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

*படிப்படியாக*

1. முதல் சந்திப்புக்கு வெறுங்கையோடு போங்கள். கேமரா, குறிப்பேடு எதுவும் வேண்டாம். தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் போவது நல்லது: கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கிற ஒருவர், பக்கத்து வீட்டு அக்கா, பள்ளித் தோழனின் அப்பா. செருப்பை வாசலிலேயே விடுங்கள். தறிமேல் கைவைக்காதீர்கள். வியர்வைக் கை பட்டால் பட்டில் கறை நிற்கும்.

2. தறி யாருடையது, பாவு யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சங்கத்துக்கு நெய்கிறவரும் உண்டு, தனியார் முதலாளிக்கு நெய்கிறவரும் உண்டு. தறி அவருடையதாக இருந்தாலும் பட்டும் ஜரிகையும் டிசைனும் பெரும்பாலும் கொடுத்தவருடையவை. நெசவாளர் மட்டும் சம்மதித்து, நீங்கள் படம் எடுத்து வெளியிட்டு, புது டிசைன் கடைக்கு வருமுன்னே வெளியே தெரிந்துவிட்டால், வேலை போவது அவருக்கு. ஆகவே இருவரிடமும் சம்மதம் வாங்குங்கள்.

3. கூலியைக் கணக்கிடுங்கள். சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருப்பார்கள். அதை அந்தச் சேலை முடிய ஆகும் நாட்களால் வகுத்தால் ஒரு நாள் கூலி வந்துவிடும். கோர்வைத் தறியில் இருவர் உட்கார்ந்தால் இருவருக்கும் சேர்த்தே கணக்கு. நீங்கள் அரை நாள் எடுத்தாலும் முழு நாள் கூலியைக் கொடுங்கள். நீங்கள் போன பிறகு நின்றுபோன வேலையை மறுபடி கைக்குக் கொண்டுவர அவருக்கு நேரம் ஆகும். பதிவு தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். முடிந்த பிறகு கொடுத்தால், நன்றாகப் பேசினால்தான் பணம் என்று அவருக்குத் தோன்றக்கூடும்.

4. சம்மதத்தை எழுத்திலும் குரலிலும் வாங்குங்கள். தாளில் நான்கு வரி போதும்: பதிவு எதற்கு, யார் பார்ப்பார்கள், பெயர் போடலாமா வேண்டாமா, பிறகு மனம் மாறினால் எடுத்துவிடச் சொல்லலாம் என்பது. தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு நிற்காதீர்கள். நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

5. மூன்று பேர் மட்டும் போங்கள். கேட்க ஒருவர், கேமராவுக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர். தறி வீட்டில் நான்காவது ஆளுக்கு நிற்க இடம் கிடையாது.

6. முதலில் வேலையைப் பதிவு செய்யுங்கள், பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் கேள்வி எதுவும் கேட்காமல் நெசவை மட்டும் எடுங்கள். மிதிக்கிற கால், நாடா போடுகிற கை, விழுது ஏறி இறங்குவது, அச்சு அடிப்பது, படமரத்தில் துணி சுற்றுவது என ஒவ்வொன்றையும் தனித்தனியாக, கேமராவை அசைக்காமல் எடுங்கள். முந்தானைக்கு நிறம் மாறும் இடம் வந்தால் அதிர்ஷ்டம். பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகச் சேர்ப்பார்கள். அந்த நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

7. பிறகு தறியை நிறுத்தச் சொல்லிப் பேசுங்கள். முக்கால் மணி நேரம் போதும்.

8. வீட்டை விட்டுக் கிளம்புமுன் ஒரு நிமிடம் அறைச் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். அதன்பின் ஒரு நிமிடம் தறிச் சத்தம் மட்டும். பிற்பாடு நாடகத்துக்கோ கண்காட்சிக்கோ கைகொடுக்கும்.

*என்ன கேட்பது?*

கையைப் பற்றிக் கேளுங்கள். “ஐயா, இந்த நாடாவை எந்த இடத்தில் கை மாற்றுவீர்கள்?” “இழை அறுந்தது கண்ணுக்குத் தெரியுமா, காலுக்குத் தெரியுமா?” “முதன்முதல் தனியாகத் தறியில் உட்கார்ந்தபோது எந்த இடத்தில் தப்பு வந்தது, அதைப் பிரித்தீர்களா, அப்படியே விட்டீர்களா?” இப்படிக் கேட்டால் அவர் எழுந்து செய்தே காட்டுவார். “இந்தத் தொழில் அழிந்துவருகிறதே, என்ன நினைக்கிறீர்கள்?” என்ற கேள்வியைத் தொடவே வேண்டாம். வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டிருப்பார்கள், அதற்கு அவரிடம் தயாரான பதில் இருக்கும், அந்தப் பதிலில் உங்களுக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது.

வீட்டுப் பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். இழை சுற்றுவது, ஊடைக்குத் தார் போடுவது, கோர்வைக்குப் பக்கத்தில் உட்காருவது எனத் தறியின் பாதி அவர்கள் கையில் இருக்கிறது. குழுவில் ஒரு பெண்ணாவது இருந்தால்தான் இந்தப் பேச்சு நடக்கும். அம்மா, அக்கா என்று கூப்பிட்டுச் சமையற்கட்டுப் பக்கம் உட்கார்ந்து பேசினால், கூடத்தில் ஒருமுறைகூட வெளிவராத கணக்குகள் அங்கே வெளிவரும்.

குறிப்பு: டிசைன் பெயர்களை அவர் சொல்கிற உச்சரிப்பிலேயே எழுதுங்கள். மயில்கண், வங்கி, ருத்திராட்சம், மல்லிமொக்கு, தாழம்பூ, யாளி, இருதலைப்பட்சி என்று வரும். ஒரே டிசைனை அடுத்த தெருவில் வேறு பெயரில் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். பிறகு வரதர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துக்குப் போய், தூண்களில் இருக்கும் யாளியையும் பறவையையும் கொடியையும் கையால் வரைந்து, சேலை டிசைனோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழுவில் ஓவியம் தெரிந்தவருக்கு இது இரண்டு மாத வேலை. ஆண்டு முடிவில் கண்காட்சி வைக்க இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

*அடிக்கடி நடக்கும் தவறுகள்*

- ஃபிளாஷ் போடுவது. ஒளி ஜரிகையில் பட்டால் வெள்ளைப் பூச்சு போலத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே கேமராவை வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள்.
- குழல் விளக்கின் கீழ் படம் துடிப்பது. செல்பேசி கேமராவில் ஷட்டரை 1/50-இல் நிறுத்தினால் துடிப்பு அடங்கும்.
- மின்விசிறிக்குக் கீழே மைக் வைப்பது. விசிறியை நிறுத்தச் சொல்லாதீர்கள், அந்தச் சூட்டில் யாரும் பேச மாட்டார்கள். சட்டைக் காலரில் மாட்டும் மைக் ஒன்று வாங்குங்கள்.
- தறியில் இருக்கும் புது டிசைனை நெருக்கமாக எடுத்து அன்றிரவே வெளியிடுவது. சேலை விற்பனைக்கு வரும்வரை நெருக்கப் படம் எதுவும் வெளியே போகக் கூடாது.
- வறுமையைத் தேடி எடுப்பது. ஒழுகும் கூரையையும் கிழிந்த பாயையும் எடுத்துவந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களும் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். தறியை எடுங்கள், கையை எடுங்கள், முகத்தை எடுங்கள்.

*பாதுகாப்பு*

குழித்தறியில் கால் வைக்கும் குழி தரை மட்டத்துக்குக் கீழே இருக்கும். கேமராவோடு பின்னால் நகர்கிறவர் அதில் விழுவார், விழும்போது பாவைப் பிடித்துக்கொள்வார். பெரும்பாலும் ஒரே பாவில் மூன்று சேலைக்கான பட்டு இருக்கும். ஒரு பிடியில் எல்லாம் போய்விடும். பின்னால் நகர வேண்டியிருந்தால் ஒலிக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு வழிகாட்ட வேண்டும். முக்காலி வேண்டாம், மூன்று காலும் எங்கேயாவது இழையில் மாட்டும். விளக்கு, சார்ஜர் ஒயர்களைத் தறிக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். தேநீர் கொடுத்தால் வாசலுக்குப் போய்க் குடியுங்கள்.

வேலை 2: அத்திவரதர் நினைவுப் பதிவு

வரதர் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்திமரப் பெருமாள்தான் அத்திவரதர். 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருள்வார். 1939, 1979, 2019. கடைசி முறை ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தார்கள். இனி 2059. 1979-இல் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது, ஆனால் எளிது. கேமராகூட வேண்டாம், ஒலிப்பதிவு போதும்.

1. சன்னதி தெரு, திருக்கச்சி நம்பி தெரு போன்ற கோயிலைச் சுற்றிய தெருக்களில் வீட்டுக்கு வீடு கேட்டுப் பெயர்ப் பட்டியல் போடுங்கள். வைணவப் பெரியவர்களைச் ‘சுவாமி’ என்று அழைப்பதே இங்கே வழக்கம்.
2. சேவித்தவர்களிடம் மட்டும் கேட்டால் போதாது. 1979-இல் தெருவில் கடை போட்டவர், 2019-இல் வீட்டுத் திண்ணையில் வெளியூர்க்காரர்களைத் தங்கவைத்தவர், துப்புரவுப் பணியாளர், அந்த 48 நாளும் தறிக்குப் போக வழியில்லாமல் வீட்டில் முடங்கியவர், ஆட்டோ ஓட்டுநர் என எல்லாரையும் சேருங்கள்.
3. ஒவ்வொருவரிடமும் பழைய புகைப்படம், அனுமதிச் சீட்டு, நாளிதழ்த் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் வீட்டிலேயே, அவர் கண்முன்னே ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுங்கள். “நாளைக்குத் தருகிறேன்” என்று எடுத்துப்போகும் படம் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.
4. பள்ளி மாணவர்களையே கேள்வி கேட்க வையுங்கள். இன்று பத்து வயதில் இருக்கும் பிள்ளைதான் 2059-இல் இந்தப் பதிவைத் தேடும். பெரியவர்களும் பேரப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்வார்கள். நம்மிடம் சொல்வதுபோல் சுருக்க மாட்டார்கள்.

*தவறு:* ஒருவர் சொன்ன தேதியையும் எண்ணையும் அவரை நிறுத்தித் திருத்துவது. நினைவு அப்படித்தான் இருக்கும். பேசவிடுங்கள், சரிபார்ப்பைத் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

2019-இல் கூட்ட நெரிசலில் உயிரிழப்பும் நேர்ந்தது. அதைப் பற்றிப் பேச வருகிறவரைத் தடுக்காதீர்கள். வற்புறுத்தவும் கூடாது.

வேலை 3: தெருநடை

இது இரண்டரை மணி நேர வேலை. காலை 6 மணிக்குத் தொடங்கி 8.30-க்குள் முடித்துவிடுங்கள். வரதர் கோயில் மேற்கு ராஜகோபுரத்தில் தொடங்கி, பொய்கையாழ்வாரோடு இணைத்துப் பேசப்படும் திருவெஃகா யதோத்காரி பெருமாள் கோயில் வழியாக, வேதாந்த தேசிகர் பிறந்த தூப்புல் சென்று, அறிஞர் அண்ணா நினைவு இல்லத்தில் முடிக்கலாம். நடுவில் தறி வீடு ஒன்று. அங்கேயும் கூலி உண்டு. ஒரு நடைக்கு 15 பேருக்கு மேல் வேண்டாம். முதல் நடையை வெளியூர்க்காரர்களுக்கு நடத்தாதீர்கள். அந்தந்தத் தெருவில் குடியிருப்பவர்களுக்கே நடத்துங்கள். உங்கள் தகவல் பிழைகளை அவர்கள்தான் திருத்துவார்கள்.

1. நடைக்கு முந்தைய வாரம் அதே கிழமையில், அதே நேரத்தில் நடந்து பாருங்கள். நாய், சாக்கடை மூடி, பள்ளிப் பேருந்து நேரம் எல்லாம் அப்போதுதான் தெரியும்.
2. வரதர் கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் இருக்கிறது. கோயிலுக்குள் குழுவாக விளக்கம் சொல்லச் செயல் அலுவலருக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். கோயில்களுக்குள் செல்பேசிக்கு 2022-இல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதை நடைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.
3. கல்வெட்டு தெளிவாகத் தெரிய மாவு, சாக்பீஸ், எண்ணெய் பூசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் நடையில் அது நடக்கக் கூடாது. சாய்வெயில் விழும் நேரத்தில் போனால் எழுத்து தானாகவே தெரியும்.
4. வைணவத்தின் வடகலை, தென்கலைப் பிரிவுகளுக்கிடையிலான வழக்குகள் இங்கே தலைமுறை தலைமுறையாக நடந்துவருபவை. நடைக்காரர் அதில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. யாராவது கேட்டால், இரு தரப்பும் என்ன சொல்கின்றன என்று ஒவ்வொரு வரியில் சொல்லிவிட்டு நடையைத் தொடருங்கள்.
5. முதலுதவிப் பெட்டி, குடிநீர், கடைசியில் நடந்துவர ஒருவர். முதியவர் தளர்ந்தால் உட்கார எந்தத் திண்ணை என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு: முடிவில் கோயில் இட்லி கொடுத்தால் எல்லாரும் கடைசி வரை வருவார்கள். சுக்கும் மிளகும் சீரகமும் சேர்த்து, மூங்கில் குடலையில் வேகவைத்த இட்லி. ஆர்டரை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வேலை 4: கூத்து இரவு

கூத்து நடத்த வேண்டும் என்று எண்ணுகிறவர்கள் முதலில் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். கட்டைக்கூத்துச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. கூத்துக் குடும்பத்தில் பிறந்து, நடிகராகவும் வாத்தியாராகவும் இருக்கும் பி. ராஜகோபாலும், நெதர்லாந்திலிருந்து கூத்தை ஆராய வந்த ஹன்னெ டி புருய்னும் கலைஞர்களோடு சேர்ந்து 1990-இல் தொடங்கியது. 2002-இல் அது தொடங்கிய குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தோடு கூத்தும் கற்றார்கள். ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் பயிற்சி பெற்றார்கள். உங்கள் குழு அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: சங்கம் கலைஞர்களுடைய சங்கம். எந்தக் கதை, எவ்வளவு நேரம், என்ன சம்பளம் என்பதில் ஆடுகிறவரின் சொல் முன்னால் நிற்கும். நீங்கள் நடத்தும் ஓர் இரவுக்கும் அதே முறையைக் கைக்கொள்ளுங்கள்.

*படிப்படியாக*

1. ஜமாவைத் தேர்ந்தெடுக்கும் முன் அவர்கள் வேறு ஊரில் ஆடும்போது ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். காணொளி பார்த்து முடிவு செய்யாதீர்கள். விடியற்காலை மூன்று மணிக்கும் குரல் நிற்கிறதா என்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

2. வாத்தியார் வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு போய்ப் பேசுங்கள். தொகை, முன்பணம், எத்தனை பேர், வண்டி யாருடையது, சாப்பாடு எத்தனை வேளை என எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. கதையை அவரோடு கலந்து முடிவு செய்யுங்கள். கர்ண மோட்சத்தை நம் வட மாவட்டங்களில் கருமாதியிலும் ஆடுவார்கள். சுப நிகழ்ச்சியை ஒட்டிய தேதியில் அதை வைத்தால் ஊரில் முகம் சுளிப்பார்கள். அர்ச்சுனன் தபசு போன்ற கதை எந்த இடத்துக்கும் பொருந்தும். சந்தேகம் வந்தால் தெருப் பெரியவர்களைக் கேளுங்கள்.

4. நேரம். கூத்தின் வழக்கம் இரவு பத்து மணி போல் தொடங்கி விடியும்வரை ஆடுவது. ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை சட்டப்படி தடை. கோயில் திருவிழாவில் ஊர் சேர்ந்து நடத்துவது வேறு. ஒரு கலைக்குழு நகரத்துக்குள் நடத்தும்போது முதல் புகார் உங்கள்மேல்தான் வரும். இரண்டு வழி இருக்கிறது. மாலை 6 மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடியும் சுருக்கமான கூத்தைக் கேளுங்கள். இல்லாவிட்டால் பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, இருநூறு பேருக்குள் உட்கார்ந்து, ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் நேராகக் கேட்கும்படி நடத்துங்கள். என் விருப்பம் இரண்டாவதுதான். மைக் இல்லாத கூத்தைக் கேட்டவர்கள் இன்று குறைவு. எந்த வழியானாலும் காவல் நிலையத்தில் இரண்டு வாரம் முன்பே அனுமதி வாங்குங்கள்.

5. இடம். கூத்துக்கு மேடை வேண்டாம், தரை போதும். பின்னால் பாட்டுக்காரர்களுக்கு ஒரு பெஞ்சு, மூன்று பக்கமும் மக்கள். உயரமான மேடையில் ஏற்றினால் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் கூட்டத்தோடு பேச முடியாது, பாதிக் கூத்து போய்விடும்.

6. வேஷம் கட்டும் இடம். முகவெழுத்துக்கே மணிக்கணக்கில் ஆகும். நல்ல வெளிச்சம், நிலைக்கண்ணாடி, மின்விசிறி, பாய், பூட்டும் கதவு, அருகில் கழிப்பறை. பெண் கலைஞர்கள் இருந்தால் அவர்களுக்குத் தனி அறை. இந்த அறையைக் கவனிக்கக் குழுவில் ஒருவரை நிறுத்துங்கள். அன்று அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

7. கட்டைச் சாமான்களைத் தொடாதீர்கள், பிள்ளைகளையும் தொடவிடாதீர்கள். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் லேசான மரத்தில் கண்ணாடித் துண்டு ஒட்டிச் செய்தவை. ஈரத் தரையில் வைத்தால் ஒட்டு விடும்.

*பாதுகாப்பு*

மின்சாரம்தான் முதல் கவலை. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். உங்கள் பந்தல் கம்பமும் தோரணமும் எந்த மின்கம்பிக்கும் கீழே வரக் கூடாது. கொக்கி போட்டு மின்சாரம் எடுக்காதீர்கள். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள், அல்லது ஜெனரேட்டர் வையுங்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் கசிவு தடுக்கும் சுவிட்சு போட்டு, நிகழ்ச்சி முடியும்வரை கூடவே இருக்க வேண்டும். மழைத் தூறல் விழுந்தால் முதலில் விளக்கை அணையுங்கள், சாமான்களை எடுப்பது பிறகு. தீப்பந்தம், குங்கிலியம் பயன்படுத்தினால் நான்கு வாளி மணல், ஈரச் சாக்கு, கூட்டத்திலிருந்து பத்தடி தூரம். பட்டுச் சேலையோ நைலான் சேலையோ கட்டிய தாய்மார்கள் முன்வரிசையில் குழந்தையோடு உட்காரும் ஊர் இது.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. விடிய விடிய ஆடிய ஜமா காலையில் அதே வண்டியில் திரும்பும். ஓட்டுநரும் இரவு தூங்கியிருக்க மாட்டார். படுக்க இடமும் காலைச் சாப்பாடும் கொடுத்து, பத்து மணிக்கு மேல் அனுப்புங்கள்.

*கூத்துக்கு வசதி இல்லையா?*

அண்ணாவின் நாடகம் ஒன்றை எடுங்கள். 1909-இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். ‘திராவிட நாடு’ இதழை இங்கிருந்துதான் நடத்தினார். தன் நாடகத்தில் தானே வேடமும் கட்டினார். அவர் எழுத்துகள் 1995-இல் நாட்டுடைமையாயின. ‘ஓர் இரவு’ம் ‘நீதிதேவன் மயக்க’மும் அனுமதிக்கு அலையாமல் அப்படியே நடத்தலாம். நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பு நாடகமாக நடத்தினால் செலவு மிகக் குறைவு. வசனத்தை வெட்டாதீர்கள். நீளம் என்று தோன்றினால் ஓர் அங்கத்தை மட்டும் முழுதாக வாசியுங்கள்.

பணமும் காகிதமும்

சங்கமாகப் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி செய்யலாம். பதிவு இருந்தால்தான் கலை பண்பாட்டுத் துறை, இயல் இசை நாடக மன்றம், தஞ்சாவூரில் இருக்கும் தென்னகப் பண்பாட்டு மையம் ஆகியவற்றில் உதவி கேட்க முடியும். வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து. முதல் ஆண்டு உதவித்தொகையை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று நீங்களே போட்டு, அதில் முடியும் வேலையை எடுங்கள்.

நீங்கள் அழைக்கும் கூத்துக் கலைஞர் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினரா என்று கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். அரை மணி நேர வேலை, அவருக்குப் பல ஆண்டு பலன்.

பதிவுகளை என்ன செய்வது?

1. பதிவு எடுத்த அன்றே இரண்டு இடத்தில் நகல். செல்பேசியில் மட்டும் இருப்பதை நகலாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.
2. கோப்புப் பெயரில் தேதி, தெரு, பேசியவர், வரிசை எண். ‘தறி புதுசு ஃபைனல் 2’ என்று பெயர் வைத்தால் அடுத்த ஆண்டு யாருக்கும் புரியாது.
3. புகைப்படங்களை 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்யுங்கள். ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்காமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். படத்தில் இருப்பவர் யார் என்று அன்றே கேட்டு எழுதுங்கள்.
4. முதல் நகல் பேசியவருக்கு. பென்டிரைவில் கொடுத்தால் பலர் வீட்டில் திறக்க முடியாது. செல்பேசியில் ஏற்றிப் போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள். கூடவே அவர் தறியில் இருக்கும் படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொடுங்கள்.
5. அவர் பார்த்து முடித்து, எதையாவது எடுக்கச் சொன்னால் எடுத்த பிறகே ஊருக்குக் காட்டுங்கள். இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள்.
6. முதல் திரையிடலை அந்தத் தெருவிலேயே வையுங்கள். வெள்ளை வேட்டி ஒன்றும் வாடகைப் புரொஜெக்டரும் போதும். இரவு 9-க்குள் முடித்துவிடுங்கள். மறுநாள் விடியற்காலை தறி இருக்கிறது.
7. அச்சான பழைய நாடகப் புத்தகம், பெரிய எழுத்துக் கூத்துப் புத்தகம், துண்டறிக்கை போன்றவை கிடைத்தால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அங்கே இல்லாததாக இருந்தால், உரியவரின் சம்மதத்தோடு நகலெடுக்க ஏற்பாடு செய்யலாம். பதிவுகளின் முழுப் பட்டியல் ஒன்றை ஊர் நூலகத்திலும், உதவிய பள்ளியிலும் கொடுத்துவையுங்கள். பட்டியலில் பதிவை வைத்திருப்பவர் பெயரையும், அவர் ஊர் மாறினால் அடுத்துப் பொறுப்பேற்பவர் பெயரையும் எழுதுங்கள்.